போய்ச் சேர்ந்த செய்தி

வரவேற்பு மேசைப் பெண் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, அவள் ஒரு காலில் ரப்பர் பூட்ஸை மாட்டியிருந்தாள். மறு கால் இன்னும் காலுறையோடு இருந்தது.

படித்தாள். மடித்தாள். பிறகு இரண்டாவது பூட்ஸையும் மாட்டிக்கொண்டாள்.

சின்னக் கப்பல். எண்பது பயணிகள். பத்துப் பத்துப் பேராகப் படகில் ஏற்றிப் பனிக்கரையில் இறக்குவார்கள். அதற்கு முன் பூட்ஸின் அடியை மருந்துத் தண்ணீரில் முக்கித் தேய்க்க வேண்டும், சட்டைப்பைகளை வெளியே இழுத்து உதற வேண்டும். வெளி மண் ஒரு பொட்டுகூட அங்கே விழக் கூடாதாம். புது மருமகளுக்குக்கூட மாமியார் வீட்டில் இத்தனை சட்டம் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார் அவள் கணவர். அதற்கப்புறம் தினமும் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் கண் காகிதத்தின் மேல் இருந்தது.

நான்கு நாளாக அவருக்கு அதுதான் கவலை. எண்பத்தொரு வயது மாமியார், எட்டு மணி நேர ரயில் பயணம், மகன் வீட்டிலிருந்து சின்ன மகள் வீட்டுக்கு. கப்பலில் போன் எடுக்காது. மின்னஞ்சல் வந்தால் அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். காலையில் காபி குடிக்கும் முன்பே மேசைக்குப் போய், ஏதாவது வந்ததா என்று கேட்டுவிட்டு வருவார். பெற்ற பிள்ளைகூட இப்படி விசாரிக்க மாட்டான்.

அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். முகத்துக்கு அருகே வைத்து, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் எழுத்தைத் தேடினார். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் வட்டம்தான் தெரியும். அடுத்த வருடத்துக்குள் ஓரமும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முப்பத்துமூன்று வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். உலகப் படத்தின் அடியில் வெள்ளையாக விட்டிருக்கும் இடத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டியே காலம் போனது. ஒரு தடவை அங்கே நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. இரண்டு முறை டிக்கெட் எடுத்து இரண்டு முறை ரத்து செய்தார். மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்த வருடம் ஒன்று, நிமோனியா வந்த வருடம் ஒன்று. பனி எங்கே ஓடிவிடப் போகிறது என்றாரே தவிர, முகம் சுளிக்கவில்லை.

கப்பலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் அடித்திருந்ததை உரக்க, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அம்மா நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க.”

அனுப்பியவன் அவள் தம்பி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கல்யாணப் பத்திரிகையில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் அந்த வீட்டுச் சாப்பாடு அவனுக்கு இறங்காது.

கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஊருக்கெல்லாம் பிழை திருத்தறவன் எழுதியிருக்கற லட்சணத்தைப் பாரு. போய்ச் சேர்ந்துட்டாங்களாம். வெவரம் தெரியாதவன் படிச்சா நெஞ்சு நின்னுடும்.”

அவளும் சிரித்தாள். சத்தமாகவே வந்தது.

வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் காகிதத்தைக் காட்டினார். மாமியார் பத்திரமாக ஊர் சேர்ந்துவிட்டார் என்று அவர்கள் மொழியில் சொன்னார். படகோட்டிகூட அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவளுக்கு ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடிக்க விரல் வரவில்லை. அறை கதகதப்பாகத்தான் இருந்தது. அவர்தான் தடவித் தடவி இழுத்துவிட்டார்.

படகு பனிக்கட்டிகளுக்கு நடுவே நுழைந்தது. கரையில் பென்குயின்கள் கூட்டமாக நின்றன. எல்லாரும் கேமராவை எடுத்தார்கள். அவர் எடுக்கவில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆளுக்கு இரண்டு அடுக்குக் கையுறை போட்டிருந்ததால் அவர் பிடித்திருக்கிறார் என்பது அவளுக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. அவர் கன்னம் நனைந்திருந்தது. அவளுடையது காய்ந்து கிடந்தது. இப்போதாவது ஏதாவது வரும் என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

ரயில் என்று ஒன்றே கிடையாது.

அம்மா படுத்த படுக்கையாகி ஏழு வாரம் ஆகியிருந்தது. டாக்டர் நாள் குறித்துவிட்டார். மூன்றாம் முறையும் பயணத்தை நிறுத்திவிடலாம் என்று அவள் வாயெடுத்தபோது, அந்த ரயிலை உண்டாக்கியது அம்மாதான். மருமகனிடம் போனில் கீழ் பெர்த் கிடைத்த கதையை ஐந்து நிமிடம் மூச்சு வாங்காமல் பேசினாள். போனை வைத்ததும் முக்கால் மணி நேரம் இரைத்தது.

இரைப்பு அடங்கியதும் மகனைக் கூப்பிட்டு, கப்பலுக்கு அனுப்ப வேண்டியதையும் சொல்லி எழுதவைத்தாள்.

அவன் அந்த ஒரு வார்த்தையில் பேனாவை நிறுத்தினான். வேறு எப்படி வேண்டுமானாலும் எழுதுகிறேன், இது மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினான். கட்டிலின் காலடியில் நின்று அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்படியே இருக்கட்டும்டா. மாப்பிள்ளைகிட்ட பொய் சொன்ன மாதிரியும் இருக்காது.”