தொழுவத்துக் கோட்டு

"உங்கப்பா உங்கம்மா கோட்டைப் போட்டுக்கிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போறாரு, ரைலி. தலையில அவங்க ஸ்கார்ஃப் வேற. ஊரே சிரிக்குது."

பக்கத்துப் பண்ணை ஹில்மா போனில் சொல்லச் சொல்ல ரைலிக்கு மானம் போயிற்று. ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, வியாழக்கிழமையே ஹெல்சிங்கியில் பஸ் ஏறிவிட்டாள்.

அம்மா சைமா இறந்து ஆறு மாதம் ஆகிறது. அந்த ஊர்ப் பக்கத்தில் ஆம்பிளை பால் கறப்பதே கேலிக்குரிய விஷயம். உழுவான், மரம் வெட்டுவான், ஆனால் மாட்டு மடியில் கை வைக்க மாட்டான். அது பெண்கள் வேலை. அதையும் பெண்டாட்டியின் பூப்போட்ட நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு செய்தால் சும்மா விடுவார்களா?

வெள்ளிக்கிழமை காலையில் ரைலியே கண்ணால் பார்த்தாள். அப்பா வில்ஹோ ஆறடி உயரம். கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. ஒரு பித்தானும் எட்டவில்லை. பசு ஹெலுனாவைக் கறக்க வாளியோடு முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹில்மாவின் குரல் வந்தது.

"என்ன வில்ஹோ, இன்னைக்கு லிப்ஸ்டிக் போடலியா?"

"போட்டேன். ஹெலுனா நக்கிட்டா."

ரைலி ஓடிப்போய் அவரைக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"என்னப்பா இது கோலம்?"

"ஹெலுனா பாலை அடக்கிக்கிறாம்மா. இந்தக் கோட்டு இல்லாம போனா ஒரு சொட்டு தர மாட்டேங்கிறா."

"மாட்டுக்கு என்னப்பா தெரியும்?"

"பதினோரு வருஷமா இந்தக் கோட்டுதானே அவகிட்ட வந்து உட்கார்ந்துது? யார் கறந்தாலும் இது வேணும் அவளுக்கு."

"நாத்தம் குடலைப் புடுங்குது. கழட்டுங்க, துவைச்சாவது தர்றேன்."

அப்பா கோட்டைச் சட்டென்று இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். துவைச்சா அவ வாசனை போயிடும்."

வாளியைக் கை மாற்றிக்கொண்டு, "மாட்டுக்குச் சொல்றேன்," என்றார்.

பிடிவாதத்தில் ரைலி அப்பாவுக்கு இளைத்தவள் இல்லை.

"நாளைக்கு நான் கறக்கிறேன், என் ஜாக்கெட்டோடயே. பால் வந்துதுன்னா, சாயங்காலம் சவுனா நீராவிக் குளியலுக்குத் தீ மூட்டும்போது இந்தக் கோட்டையும் அடுப்புல போட்டுடுவேன். சரியா?"

"உனக்கும் தர மாட்டா," என்றார் அப்பா. குரலில் சுரத்தே இல்லை.

அன்றைக்கு முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காப்பியை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ரைலி வாளியை எடுத்துக்கொண்டாள். கதவருகே கோட்டு தொங்கும் ஆணி காலியாக இருந்தது. படுக்கைக்கே கொண்டுபோய்விட்டார் போலிருக்கிறது.

ஹெலுனா திரும்பிப் பார்த்தாள். ரைலியின் நகரத்து ஜாக்கெட்டை ஒரு தரம் முகர்ந்தாள். பிறகு தன் பாட்டுக்குப் புல்லை மெல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ரைலி முக்காலியைப் போட்டு உட்கார்ந்து காம்பைப் பிடித்தாள். முதல் இழுப்பிலேயே பால் வாளியில் சர்ரென்று அடித்தது. அடக்குவதாவது, ஒன்றாவது! பத்து நிமிடத்தில் வாளி பாதிக்கு மேல் நிறைந்து, மடி வற்றிப்போயிற்று.

ஜெயித்தாயிற்று என்று எழுந்திருக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்தபடி அப்படியே இருந்தாள். அம்மாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஒவ்வொரு கோடைக்கும் அம்மா கூப்பிடுவாள். வேலை இருக்கும்மா, அடுத்த வருஷம் வர்றேன் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை வருஷம் போயிற்று! இப்போது அந்த நாறுகிற கோட்டில் ஒரே ஒரு தரம் முகத்தைப் புதைத்துக்கொண்டால் போதும் போலிருந்தது அவளுக்கு. அப்போதுதான் புரிந்தது. அப்பா மாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு தனக்காகத்தான் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டது.

ரைலி துள்ளி எழுந்து, வாளியிலிருந்த பால் முழுவதையும் கன்றுக்குட்டியின் தொட்டியில் கவிழ்த்தாள். கன்று ஆச்சரியப்பட்டு நிற்கவில்லை. மளமளவென்று உறிஞ்சித் தீர்த்தது.

அப்பா கதவைத் திறந்தார். அதே கோட்டு, அதே ஸ்கார்ஃப். முகம் மட்டும் பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன் மாதிரி இருந்தது.

"கறந்துட்டியா?"

"எங்கப்பா கறக்கிறது! ஒரு சொட்டு தரல. உதைக்க வேற வந்தா. நீங்க சொன்னதுதான் சரி, அந்தக் கோட்டு இல்லாம நடக்காது. நீங்களே போட்டுக்குங்க. யார் என்ன சொன்னாலும் கழட்டாதீங்க."

அப்பா காலி வாளியைப் பார்த்தார். வற்றித் தொங்கிய மடியைப் பார்த்தார். கன்றின் மூக்கெல்லாம் அப்பியிருந்த பால் நுரையையும், மகளின் சிவந்த கண்களையும் பார்த்தார்.

மெதுவாகக் கோட்டைக் கழற்றி, அவள் தோளில் போர்த்திவிட்டார்.

"நாளைக்கு நீ இதைப் போட்டுக்கிட்டுக் கறம்மா. உனக்கும் தருவா."