மயிலுக்கு ஒரு கலையரங்கம்

அந்தக் காட்டு மயிலுக்குத் திடீரென்று ஒரு யோகம் அடித்தது. கலைஞர் நனையக்கூடாது என்று, அது ஆடுகிற பாறையைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே தகரக் கூரையும் போட்டுக் கொடுத்தது அரசாங்கம். யோசனை, கலைத்துறை அதிகாரியான வெள்ளாட்டினுடையது. ஒரு தூறலுக்கே ஓடி ஒதுங்குகிற ஆசாமி அது.

"இனிமே சளி, காய்ச்சல்னு பயமே இல்லப்பா. இங்கே ஆடினா தினம் ஒரு படி கம்பு. தொடங்கு, பார்ப்போம்!"

மயில் அண்ணாந்து பார்த்தது. வெறும் தகரம்தான் தெரிந்தது.

"ஐயா, மேகத்தைப் பார்த்தாத்தான் எனக்குத் தோகையே விரியும்."

"மேகம்தானே? கூரையிலே வரைஞ்சுடச் சொல்றேன்."

கன்னங்கரேலென்று வரைந்தும் விட்டார்கள். மயிலும், பாவம், முக்கி முக்கிப் பார்த்தது. ஒரு இறகுகூட அசையவில்லை.

வெள்ளாடு தாடியை நீவிக்கொண்டது. "நாளைக்கு நேர்லயே வந்து உட்காருவேன். ஆடலைன்னா கம்பும் கிடையாது, கலைஞர் அட்டையையும் திருப்பிக் கொடுத்துடணும்."

மறுநாள் மயில் பயந்துகொண்டே அரங்கத்து வாசலுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து மேற்கே இடி உருண்டது. கம்பும் மறந்தது, அட்டையும் மறந்தது. ஒரே தாவில் கூரைமேல் ஏறித் தோகையை விரித்துவிட்டது. காடே நனைந்துகொண்டு வேடிக்கை பார்த்தது.

கீழே முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த வெள்ளாடு கத்துவது மயிலுக்குக் கேட்டது:

"யாருடா அது, மேலே தடதடன்னு கூத்தடிக்கிறது? இங்கே கலை நிகழ்ச்சி ஆரம்பிக்கப் போகுதில்ல!"