கேரினுக்கு ஏற்ற கல்லூரி

"இந்த ரூம்ல பதினஞ்சு பேருக்கு மேல உட்கார்ந்தா மூச்சு முட்டிடுமே தம்பி!"

ராய் எங்ஸ்ட்ரோம் போட்ட சத்தத்தில், கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த ஏழெட்டுக் குடும்பங்களும் திரும்பின. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் தங்கள் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ரகம். அங்கேயே பிறந்து வளர்ந்த மனிதர் இப்படிக் கத்தினால்?

கேரின் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மெதுவாப் பேசுப்பா!"

வழிகாட்டியாக வந்த மாணவன் டெவன், கூட்டத்தைப் பார்த்தபடியே பின்புறமாக நடந்துகொண்டிருந்தான். சிரிப்பு மாறாமல் சொன்னான்: "வகுப்பே பதினஞ்சு பேருக்குத்தான் சார். புரொபசர் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்."

"அப்போ ஒருநாள் மட்டம் போட்டாக்கூட மாட்டிக்குவாளே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கேரினின் காதுவரை சிவந்துவிட்டது.

அவளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. இரண்டுமே சின்னவை, லேசில் யாரையும் சேர்த்துக்கொள்ளாதவை. ஒன்று இந்த ஹால்வர்சன். வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். இன்னொன்று பென்ஹாலோ. நாட்டின் அந்தக் கோடியில், மேய்ன் கடற்கரையில் இருந்தது.

"பேரைப் பார்க்காதே. எது உனக்குப் பொருந்துதுன்னு பாரு" என்று பள்ளி ஆலோசகர் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்க மாட்டார்கள். வீட்டில் மூன்று வாரமாக இதே பேச்சு. கடைசியில் கேரின் ஹால்வர்சன்தான் என்று முடிவு செய்துவிட்டாள். பதில் சொல்ல நாளைதான் கடைசி நாள் என்னும்போது, "எதுக்கும் ஒரு தடவை நேர்ல பார்த்துடலாம்" என்று இழுத்து வந்தவரே அப்பாதான்.

வந்த இடத்தில் இந்தக் கூத்து.

நூலகத்தில் வேண்டுமென்றே நாலு தும்மல் போட்டார். "புத்தகத்தை எல்லாம் யாராவது தொட்டிருக்காங்களா?"

விடுதியில் மெத்தையைக் குத்திப் பார்த்தார். "நம்ம வீட்டு நாய்கூட இதுல படுக்காது."

போன வாரம் பென்ஹாலோவில் இதே மனிதர் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்துக்குக் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். இன்றைக்கு என்ன பேய் பிடித்தது?

சாப்பாட்டுக் கூடத்தில்தான் உச்சம். அன்றைக்கு ஹாட்டிஷ். கொத்துக்கறியின் மேல் உருளைக்கிழங்கை அடுக்கி, அடுப்பில் வேகவைத்தது. மினசோட்டாவில் பிறந்த எவனும் அதைக் குறை சொல்லத் துணிய மாட்டான்.

ராய் ஒரே ஒரு வாய் வைத்தார். தட்டை நகர்த்தினார்.

"என் எதிரிக்குக்கூட இதைப் போட மாட்டேன்."

பரிமாறிய அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது.

கேரின் எழுந்தாள். "வெளியே வா."

வாசலுக்கு வந்ததும் வெடித்தாள். "உனக்கு என்னப்பா ஆச்சு? அந்தம்மா முகம் போன போக்கைப் பார்த்தியா?"

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"நாலு வருஷம் நான் இவங்க மூஞ்சியில முழிக்கணும்!"

"முழி. நானும் வாராவாரம் வரத்தான் போறேன். உன் துறைத்தலைவரை உட்கார வெச்சு நாலு கேள்வி கேட்கணும்."

கேரின் அவரையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. "வாராவாரமா?"

"பக்கத்துலதானே இருக்கு!"

அவ்வளவுதான். அவள் போனை எடுத்தாள். எதையோ தட்டினாள்.

"பென்ஹாலோவுக்குச் சரின்னு சொல்லிட்டேன். உன் கார் வந்து சேர முடியாத ஊருக்கே போறேன். சந்தோஷமா?"

"உன் இஷ்டம்." ராயின் குரல் கரகரத்தது. "நீ காருக்குப் போ. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

அவர் பாத்ரூமுக்குப் போகவில்லை. நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், அந்த அம்மாளின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. ரொம்ப ருசியா இருந்துது. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

அந்த அம்மாள் விழித்தாள். பக்கத்தில் தட்டோடு நின்ற டெவனுக்கு அதுவரை காத்த பொறுமை போய்விட்டது.

"என்ன சார் இது? எங்க காலேஜ் மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

ராய் நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டார்.

"கோபமா? போன வருஷம் என் பொண்டாட்டி தவறிட்டா தம்பி. அந்தத் துக்கத்துல எனக்கும் மாரடைப்பு வந்துபோச்சு. அன்னையிலேருந்து கேரின் என்னைக் கைக்குழந்தையாட்டம் பார்த்துக்கறா. மாத்திரை சாப்பிட்டியா, படி ஏறினியா... எந்நேரமும் இதே கவலை. போன வாரம் பென்ஹாலோ காலேஜைப் பார்க்கப் போனோம். அங்கே படிக்கிற பிள்ளைங்களோட பேச உட்கார்ந்தவ, பொழுது சாயற வரைக்கும் என்னைத் தேடவே இல்லை. அவங்க அம்மா போனதுக்கு அப்புறம் அவ வாய்விட்டுச் சிரிச்சதை அன்னிக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் சொல்றா, 'ஹால்வர்சன்தான்பா பொருத்தம். வெள்ளிக்கிழமை ஆனா ஓடி வந்து உனக்குச் சமைச்சு வெச்சிடலாம்'னு."

டெவன் தட்டைக் கீழே வைத்தான்.

ராய் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கமான காலேஜ் தம்பி இது. எனக்குக் கச்சிதமாப் பொருந்துது. ஆனா படிக்கப் போறது நான் இல்லையே!"