நெஞ்சில் நின்ற துண்டு

"அவசரத்துல எதனா முழுங்கிட்டியாமா?" என்று லோகாம்பாள் கேட்டாள். நெஞ்சில் சிக்கிய உணவைக் குழல் வைத்து உறிஞ்சித் தொக்கெடுப்பதில் பிள்ளையார்பாளையத்திலேயே பேர்போனவள்.

இந்திராணி இல்லையென்று தலையாட்டினாள். தம்பி கந்தன் செத்ததிலிருந்து, எதைத் தின்றாலும் அவளுக்கு நெஞ்சை அடைத்தது. ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், ஆஸ்பத்திரி மாத்திரை எதற்கும் அது இறங்கவில்லை.

"துன்ன கையோட தறிக்குழியில குந்திக்கினா அடைக்காம என்னா செய்யும்?" என்றாள் அம்மா.

காரணம் இந்திராணிக்குத் தெரியும். ஜுரம் விட்டதும் கந்தனுக்குக் கொடுக்க அம்மா எடுத்துவைத்திருந்த கோயில் இட்லித் துண்டை அவள்தான் திருடி வாயில் போட்டாள். காலடிச் சத்தம் கேட்டதும் மெல்லாமல் விழுங்கினாள். "காக்கா தூக்கினு பூட்ச்சுமா" என்றாள். இட்லி இட்லி என்று கேட்டபடியே கந்தன் கண்ணை மூடினான்.

லோகாம்பாள் உறிஞ்சி, கிண்ணத்துத் தண்ணீரில் துப்பினாள். மிளகு ஒட்டிய இட்லித் துண்டு மிதந்தது.

"இன்னாடி இது, இப்பதான் வெந்தாப்பல இருக்குது!" என்று சிரித்தாள்.

அம்மா குனிந்து பார்த்தாள். துண்டின் ஓரத்தை யாரோ சின்னப் பல்லால் கடித்திருந்தார்கள். கந்தனுக்கு முன்பல் விழுந்திருந்த இடத்தில் மட்டும் கடிபடாமல் நீட்டிக்கொண்டிருந்தது. இந்திராணி விழுங்கியபோது அது முழுத் துண்டு.

அவளால் தலைநிமிர முடியவில்லை. அம்மா துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள்.