பூக்கும் காலம்: மே

"வெளியில இருக்கிற அந்த போர்டை எழுதின மேதாவி யாரு?"

மலையிலிருந்து இறங்கி வந்த பேராசிரியை, சோதனைச் சாவடியின் ஜன்னலைத் தட்டிக் கேட்டார். கையில் தடிமனான பூ அடையாளப் புத்தகம்.

"நான்தான் மேடம்," என்றார் வனக்காவலர்.

'மஞ்சள் மணிப்பூ. பூக்கும் காலம்: மே' என்றது போர்டு.

இது நவம்பர். மற்ற செடிகளெல்லாம் பனியில் சுருண்டு கிடக்கும்போது பூக்கிற பூ அது. அதற்காகத்தான் பேராசிரியை ஏழு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார். காலையில் மலையேறும்போது, 'இப்ப வெறும் புல்லுதான் மேடம், மே மாசம் வாங்க' என்று திருப்பி அனுப்பப் பார்த்த ஆளும் இவர்தான்.

"பதினாறு வருஷமா இங்கயே இருக்கீங்களாம். ஒரு நாளாவது கண்ணைத் திறந்துட்டு மேல போயிருக்கீங்களா?"

டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க மேடம்."

"ஏன், வெக்கமா இருக்கா?"

காவலர் தலையைக் குனிந்துகொண்டார். பேராசிரியைக்கு அது போதவில்லை. புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். இந்த மாசம்தான் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள், கொஞ்சம் பார்த்து எழுதுங்கள் என்று காவலர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

பார்த்துத்தான் எழுதினார். அடிப்படை அறிவு கிடையாது, சோம்பேறி, வருகிறவர்களை ஏமாற்றுகிறார் என்று ஒரு பக்கம் முழுக்க. கையெழுத்துக்குக் கீழே தன் இரண்டு பட்டங்களையும் மறக்காமல் போட்டார்.

அதற்குள் வரிசை கலைந்திருந்தது.

"பையைக் காட்டிட்டுப் போங்க மேடம். இறங்கி வர்ற எல்லாருக்கும் இதுதான் சட்டம்."

பையில், பழைய செய்தித்தாளுக்கு நடுவே, கிழங்கும் மண்ணுமாக ஒரு மஞ்சள் மணிப்பூச் செடி.

"அது ஆராய்ச்சிக்கு," என்றார் பேராசிரியை. "ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்."

காவலர் செடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பூ துவண்டிருந்தது.

"மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் போர்டுல நவம்பர்னுதான் மேடம் இருந்துச்சு. படிச்சவங்கதான் நிறைய வந்தாங்க. எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தாங்க. நானூறு செடி பதினொண்ணாச்சு. அப்புறம்தான் மே-ன்னு மாத்தி எழுதினேன்."

செய்தித்தாளை மெல்ல மூடினார்.

"இப்ப பத்து."