முப்பத்தேழு காலிக் கட்டங்கள்

தையல்காரருக்கு எந்தக் காது கேட்காது? இடது காது.

தட்டிவிட்டு அடுத்த காலிக் கட்டத்துக்கு நகர்ந்தாள்.

வாய்க்கால் பாலத்துக்கு எத்தனை படி? பதினொன்று.

எதற்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் விரல் நுனியில் இருந்தன.

அப்படி ஒரு தையல்காரரும் கிடையாது, அப்படி ஒரு பாலமும் கிடையாது. பன்னிரண்டு வருடமாகத் தொலைக்காட்சியில் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடருக்காக அவள் உண்டாக்கிய ஊர் அது. நான்கு தெரு, ஒரு வாய்க்கால், இருநூற்றுப் பதினோரு பேர். கதையை யார் யாரோ எழுதினார்கள், போனார்கள், புதிதாக வந்தார்கள். ஊர் மட்டும் அவளுடையதாகவே இருந்தது. யாருக்கு எந்த வயதில் கால் முறிந்தது, யார் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், யாரோடு யார் பேச்சுவார்த்தை இல்லை என்பதையெல்லாம் மாறாமல் காப்பாற்றி வைப்பதுதான் வேலை. சம்பளமும் அதற்குத்தான்.

அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மேசை இருந்த காலத்தில், எதிர் நாற்காலி சூடு ஆறாது.

"அக்கா, மில்காரருக்குச் சர்க்கரை உண்டா?"

"இருந்துச்சு. முந்நூறாவது எபிசோடுல நீங்களே குணமாக்கி விட்டுட்டீங்க."

பிறகு எல்லோரும் வீட்டிலிருந்தே எழுதலாம் என்று ஆயிற்று. அவள் ஊரை மொத்தமாகக் கணினிக் கோப்பில் ஏற்றினாள். ஆளுக்கு ஒரு வரி, விவரத்துக்கு ஒரு கட்டம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல கோப்பு. தேடினாலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது.

அதனால் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

நாற்பது நாள் பொறுத்தாள். நாற்பத்தோராவது நாள், கோப்பில் ஒரு கட்டத்தை அழித்தாள்.

அடுத்த வாரம் போன் வந்தது.

அதிகம் அழித்தால் வேலைக்கே உலை. பார்த்துப் பார்த்து அழித்தாள். கதைக்கு ஆபத்தில்லாத, ஆனால் எழுத உட்கார்ந்தவனை இடறிவிடுகிற சின்னச் சின்ன விவரங்கள். முப்பத்தேழில் நிறுத்திக்கொண்டாள். யாராவது கேட்பார்கள், சொல்வாள், ஆனால் எழுதி வைக்க மாட்டாள். மூன்று வருடமாக அவள் வீட்டுக்குள் மனிதக் குரல் வந்ததெல்லாம் அந்த முப்பத்தேழு பொத்தல்கள் வழியாகத்தான்.

கூப்பிடுவது பெரும்பாலும் வசனகர்த்தாதான். வேறு ஊர்க்காரர். நேரில் பார்த்தது இரண்டே முறை.

இன்று காலை நிர்வாகியிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'மேடம், கோப்பில் முப்பத்தேழு கட்டங்கள் காலியாக இருக்கின்றன. மாலைக்குள் நிரப்பிவிடுங்கள். அப்புறம் யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.'

அவர் நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார்.

தபால்காரரின் நாய் என்ன நிறம்? முப்பத்தேழாவது கட்டம். அதில் மட்டும் சற்று நேரம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு 'செம்பட்டை' என்று தட்டினாள். கோப்பை மூடினாள். 'முடிந்தது' என்று நிர்வாகிக்கு எழுதினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்ததில் ஒன்று கோணலாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் உதறி மறுபடி மடித்தாள்.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. வசனகர்த்தா.

"அக்கா, ஒரு அவசரம். ரொட்டிக் கடைக்காரர் மக எதுக்குப் பயப்படுவா? இடிக்குத்தானே?"

"இடிக்கு இல்லப்பா, பல்லிக்கு."

"பல்லியா! போச்சு. நான் பாட்டுக்கு மூணு பக்கம் மழையப் பெய்ய வெச்சுட்டேனே!"

"மழைய நிறுத்து. சுவத்துல ஒரு பல்லிய விடு."

"உங்களுக்கென்னக்கா, ஊரைக் கட்டினவங்க. நான் வாடகைக்குக் குடியிருக்கறவன், எனக்கு எந்தச் சுவத்துல பல்லி இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அவள் சிரித்தாள். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

"அப்புறம்க்கா?"

"அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்."

"ஒண்ணுமில்ல. சரிக்கா, எழுதறேன்."

வைத்துவிட்டார்.

அவளுக்கு உறுத்தியது. முப்பத்தேழையும் நிரப்பியாயிற்றே. இதை எப்போது அழித்தோம்? நினைவு தப்புகிறதா? நிர்வாகி கண்ணில் படுவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று கோப்பை மறுபடி திறந்து, ரொட்டிக் கடைக்காரரின் மகளைத் தேடிப் போனாள்.

'பயம்' என்ற தலைப்பின் கீழ், அந்தப் பெண்ணுக்கு நேராக, 'பல்லி' என்று இருந்தது. முதல் நாள் ஏற்றியது. யாரும் தொடாதது.

அந்தக் கட்டத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு.

கோப்பை யார் திறந்து வைத்திருந்தாலும், அவர் நிற்கிற கட்டத்தைச் சுற்றி அப்படி ஒரு கோடு தெரியும். ஓரத்தில் பெயரும் தெரியும். வசனகர்த்தாவின் பெயர்.

அவள் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் பச்சைக் கோடு அசைந்தது. ஒரு வரி கீழே இறங்கி நின்றது. ரொட்டிக் கடைக்காரரின் மாமியார். கதையில் செத்து ஆறு வருடமாகிறது. அந்தக் கிழவியைப் பற்றி இனி யாருக்கும் எதுவும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

போன் அடித்தது.