பத்து நாட்டு விஞ்ஞானி

“பத்து நாட்டு விஞ்ஞானிகளை ஒண்ணாச் சேர்த்திருக்கேனுங்க. நீங்க கூடப்பொறந்த தம்பிகிட்டப் பேச மாட்டேங்கறீங்களே!” என்று மில் முதலாளி செங்கோடனைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார் விஞ்ஞானி முகிலன்.

வியர்வையை வைத்தே நோயைச் சொல்லும் பனியன் துணி தயாரிக்கும் திட்டம் அது. நூல் தம்பியின் மில்லில் நூற்க வேண்டும். துணி செங்கோடனின் மில்லில் பின்ன வேண்டும். சொத்துப் பிரிந்த நாளிலிருந்து செங்கோடன் தம்பி வாசலை மிதித்ததில்லை.

முகிலனின் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் வீம்பை விழுங்கிக்கொண்டு தம்பி இருக்கும் சேவூருக்குப் போனார்.

“வாங்கண்ணா” என்ற தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

இருவரும் சேர்ந்தே கோவை ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள்.

“நாங்க தயாருங்க. எப்ப ஆரம்பிக்கறீங்க?” என்றார் செங்கோடன்.

முகிலன் நெளிந்தார். “துணியில வைக்கிற சென்சார் இன்னொரு விஞ்ஞானி செஞ்சதுங்க. நீங்க போய்க் கேட்டா தேவலைங்க.”

“ஏனுங்க, நீங்க கேக்கலாமே?”

“கட்டுரையில என் பேருக்கு முன்னால அவர் பேரைப் போட்டுக்கிட்டாருங்க. அப்போயிருந்து பேச்சு இல்லீங்க.”

தம்பி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அந்தப் பெரிய மனுசன் எந்த நாட்டுல இருக்காருங்க? விமான டிக்கெட் போட்டுடறோம்” என்றார் செங்கோடன்.

முகிலன் தலைகுனிந்தார்.

“பக்கத்து ரூம்லதாங்க.”